லாபம் என்ற வரியே இல்லாத கணக்கு

வணிகவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மூன்று ஆண்டுகளாகக் கணக்கு படிக்கிறீர்கள். லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள், அடக்கவிலை, வருமான வரி, ஜி.எஸ்.டி. என்று வரிசையாகக் கடந்துவிட்டீர்கள். தமிழ்நாடு அரசு தன் கணக்கை எப்படி எழுதுகிறது என்று இந்த மூன்று ஆண்டில் ஒரு வகுப்பாவது நடந்ததா? பெரும்பாலான கல்லூரிகளில் நடந்திருக்காது. பொதுநிதி என்ற பெயரில் பொருளியல் தாள் ஒன்று வந்திருக்கும். வரியின் வகைகளும் பற்றாக்குறையின் வகைகளும் அதில் இலக்கணம்போல மனப்பாடத்துக்கு வைக்கப்பட்டிருக்கும். மாநிலத்திலேயே மிகப் பெரிய வரவு செலவு யாருடையதோ, அவருடைய பேரேடு மட்டும் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பட்டம் வாங்கியபின் உங்களில் சி.ஏ. பக்கம் போகிறவர்கள் அரசுக் கணக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. போட்டித் தேர்வுப் பக்கம் போகிறவர்கள் அதை 'கவர்மென்ட் வேலை' என்று மட்டும் பார்க்கிறார்கள். தணிக்கை, கணக்குப் பதவிகளை விருப்பப் பட்டியலில் எந்த இடத்தில் போடுவது என்பதைக்கூட பயிற்சி மையத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டு நிரப்புகிறார்கள். இரண்டு பார்வையுமே பிழை என்பது என் வாதம். அரசுக் கணக்கு ஒரு தனித் துறையறிவு. பணி ஆணை கைக்கு வந்த பிறகு மேசையில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம் என்று விடாமல், ஒரு தொழிலாகத் தேர்ந்து முன்கூட்டியே படிக்கவேண்டிய அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறது.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக் கணக்கில் எத்தனை பக்கம் இருந்தாலும் கடைசியில் எல்லோரும் தேடுவது ஒரு வரி: எவ்வளவு லாபம்? அரசுக் கணக்கில் அந்த வரியே கிடையாது. அங்கே கேள்வி வேறு: இந்தச் செலவை யார் அனுமதித்தார்கள், எதற்காக, எவ்வளவு, எந்த ஆண்டுக்கு? மாநிலத்தின் திரள் நிதியத்திலிருந்து சட்டப்படி அல்லாமல் ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 266ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம்தான் 204ஆம் பிரிவின்படி பேரவை ஒவ்வோர் ஆண்டும் நிறைவேற்றும் நிதி ஒதுக்கச் சட்டம். தொலைக்காட்சியில் நிதிநிலை அறிக்கை உரையைப் பார்க்கிறோம். அதன் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருவதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த வாக்கெடுப்புதான் அனுமதி. அந்த அனுமதிக்கு ஆயுள் மார்ச் 31 வரை. ஏப்ரல் 1 காலையில் அதே பாலத்துக்கு, அதே ஒப்பந்தக்காரருக்கு, அதே நியாயமான தொகையைக் கொடுத்தாலும் முந்தைய ஆண்டின் அனுமதியைக் காட்ட முடியாது. தனியார் நிறுவனத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் நிதி மேலாளர் சிரிப்பார். அரசில் அதுதான் அடித்தளம். ஏனென்றால் அங்கே செலவாவது முதலாளியின் பணமல்ல. கேட்டுப் பெற்ற பணமும் அல்ல, சட்டத்தால் வசூலித்த பணம்.

அனுமதியைக் கணக்காக மாற்றுவது எண்கள். அரசின் ஒவ்வொரு வரவும் செலவும் ஆறு அடுக்குள்ள ஒரு கணக்குத் தலைப்பின் கீழ் விழவேண்டும். மேலடுக்கில் நான்கு இலக்கம். 2202 என்றால் பொதுக் கல்வி, வருவாய்ச் செலவு. 4202 என்றால் கல்வி, விளையாட்டு, கலை, பண்பாடு ஆகியவற்றின் மூலதனச் செலவு. 2071 ஓய்வூதியம், 2049 வட்டி. முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆனால் வருவாய் வரவு, 2 அல்லது 3 ஆனால் வருவாய்ச் செலவு, 4 அல்லது 5 மூலதனம், 6 அல்லது 7 கடன், 8 ஆனால் எதிர்பாராச் செலவு நிதியமும் பொதுக் கணக்கும். ஆசிரியர் சம்பளத்துக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் நடுவே இருப்பது ஓர் இலக்கந்தான். இது குமாஸ்தா வேலைதானே என்று தோன்றும். அந்த ஓர் இலக்கத்தை மாற்றினால் மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை மாறும். தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தின் இலக்கு எட்டப்பட்டதா இல்லையா என்ற தீர்ப்பு மாறும். ஓர் அமைப்புக்கு அரசு மானியம் கொடுக்கிறது, அது அந்தப் பணத்தில் கட்டடம் கட்டுகிறது என்று வையுங்கள். கொடுத்த அரசின் கணக்கில் அது மூலதனச் செலவா? சொத்து உருவாகியிருக்கிறதே என்று தோன்றும். இந்திய அரசுக் கணக்கியல் தரம் 2 அதை வருவாய்ச் செலவாகவே காட்டச் சொல்கிறது, ஏனென்றால் சொத்து கொடுத்தவருடையது ஆகவில்லை. பற்றாக்குறையை ஒல்லியாகக் காட்ட விரும்பும் எந்த ஆட்சிக்கும் இந்த விதி கசக்கும். அந்தக் கசப்பை விதிநூலைக் காட்டி ஊட்டுகிறவர்தான் அரசுக் கணக்கர்.

அனுமதியைச் சரிபார்க்கும் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிகார் கால்நடைத் தீவன ஊழலைவிட நல்ல பாடம் இந்தியாவில் இல்லை. அது அரசியல்வாதிகளின் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அதைக் கருவூலக் கதையாகப் படித்துப் பாருங்கள். கால்நடை பராமரிப்புத் துறைக்குப் பேரவை ஒதுக்கியது ஒரு தொகை. கருவூலங்களிலிருந்து வெளியே போனது சில ஆண்டுகளில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. போலி ஒதுக்கீட்டுக் கடிதங்கள், வராத தீவனத்துக்குப் பட்டியல்கள், இல்லாத மாடுகளுக்கு மருந்து. மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்த லாரிகள் என்று செலவுச் சீட்டில் எழுதியிருந்த பதிவெண்கள் சிலவற்றைத் தணிக்கையில் தேடிப் பார்த்தபோது அவை ஸ்கூட்டர்களுடையவை என்று தெரிந்தது. 1996 ஜனவரியில் மேற்குச் சிங்பூம் மாவட்டத் துணை ஆணையராக இருந்த அமித் கரே சாய்பாசாவில் துறை அலுவலகத்தைச் சோதனையிட்டபோதுதான் மூட்டை அவிழ்ந்தது. மொத்தத் தொகை 900 கோடி ரூபாயைத் தாண்டும் என்று கணக்கிட்டார்கள். சாய்பாசா கருவூல வழக்கு ஒன்றில் மட்டும் சுமார் 37 கோடி. அதில் 2013இல் முன்னாள் முதலமைச்சர்கள் இருவர் தண்டிக்கப்பட்டார்கள்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று உண்டு. பிகார் கருவூலங்களிலிருந்து மாதக் கணக்கு ஒழுங்காக வராததை 1985ஆம் ஆண்டிலேயே அன்றைய இந்தியக் கணக்காய்வுத் தலைவர் (சி.ஏ.ஜி.) டி.என். சதுர்வேதி கவனித்து, இப்படித் தாமதமாவது கையாடலின் அறிகுறியாக இருக்கலாம் என்று மாநில அரசை எச்சரித்தார். சோதனை நடந்ததற்குப் பத்து ஆண்டுகள் முன்னால். கணக்கு தாமதமாவதைத் திருட்டின் தடயமாகப் படிக்கத் தெரிந்த கண் அது. அந்தக் கண் மேலிடத்தில் இருந்தது. கீழே ஒவ்வொரு கருவூலத்திலும், ஒவ்வொரு பணம் பெற்று வழங்கும் அலுவலரின் மேசையிலும் இல்லை, அல்லது இருந்தும் மூடிக்கொண்டது. தடுப்பு என்பது ஒரு பெரிய அதிகாரியால் ஆகிற காரியமல்ல. இந்த மாதம் இந்தத் தலைப்பில் இவ்வளவுதான் மீதி, இதற்குமேல் பட்டியல் செல்லாது என்று சொல்லத் தெரிந்த, சொல்லத் துணிந்த நூற்றுக்கணக்கான இடைநிலை அலுவலர்களால்தான் ஆகும். உங்களை அழைப்பது அந்த இடத்துக்கு.

தமிழில் நிர்வாகம் பற்றி எழுதுகிறவர் உத்திரமேரூரை இழுக்காமல் விடமாட்டார் என்ற கேலி எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டுகளிலிருந்து நாம் திரும்பத் திரும்பப் பெருமைப்படுவது குடவோலையை. அதே கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மறுபடி தேர்வுக்குத் தகுதியற்றவர்களாக்குகிறது. வாக்களிப்பதைக் கொண்டாடினோம், கணக்கு ஒப்படைப்பதை மறந்தோம். இன்றைக்கும் நிலைமை அதிகம் மாறவில்லை. தேர்தல் முடிவை நள்ளிரவு வரை விழித்திருந்து பார்க்கிற நாம், தேர்ந்தெடுத்த பேரவை வாக்களித்த பணம் என்னவானது என்று சொல்லும் நிதி ஒதுக்கக் கணக்குகளை ஒருமுறையும் திறந்ததில்லை.

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: இதெல்லாம் கம்ப்யூட்டர் செய்துவிடும். தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் வந்துவிட்டது. பட்டியல்கள் இணையவழியில் கருவூலத்துக்குப் போகின்றன. மத்திய அரசில் பி.எஃப்.எம்.எஸ். இருக்கிறது, ஒதுக்கீட்டைத் தாண்டிய பட்டியலை மென்பொருளே நிறுத்திவிடும். உண்மைதான், சாய்பாசா பாணியில் போலி ஒதுக்கீட்டுக் கடிதத்தை நீட்டிப் பணம் எடுப்பது இன்று கடினம். கூட்டல் சரிபார்ப்பதற்காக மட்டும் வைத்திருந்த பணியிடங்கள் குறையும், குறையவும் வேண்டும். ஆனால் மென்பொருள் பார்ப்பது தலைப்பில் மீதி இருக்கிறதா என்பதைத்தான். இந்தச் செலவு இந்தத் தலைப்புக்கு உரியதா என்பதை அது அறியாது. மார்ச் கடைசி வாரத்தில் ஒதுக்கீடு காலாவதியாகிவிடக் கூடாதென்று பணத்தைத் திரள் நிதியத்திலிருந்து எடுத்து ஒரு தனி வைப்புக் கணக்கில் போட்டு வைத்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அது செலவு. ஊரைப் பொறுத்தவரை ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஆண்டிறுதியில் அள்ளிச் செலவழிப்பதை நிதி ஒழுங்குக்கு மாறானது என்றே மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சொல்கின்றன. எது அவசரச் செலவு, எது அவசியச் செலவு என்று பிரிப்பது மனித வேலை. பதிவெண்ணை வாகனத் தரவோடு ஒப்பிட்டு ஸ்கூட்டரைக் கண்டுபிடிக்க இன்று ஒரு நொடி போதும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே! தரவு பெருகப் பெருக, அதனிடம் கேள்வி கேட்கத் தெரிந்தவரின் தேவையும் கூடத்தான் செய்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. லேசாகத் தள்ள மாட்டேன். தணிக்கை அறிக்கைக்குப் பல் இல்லை என்கிறீர்கள். சி.ஏ.ஜி. அறிக்கை 151ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகப் பேரவையின் முன் வைக்கப்படுகிறது. சில சமயம் கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைக்கிறார்கள், விவாதிக்க நேரமில்லாதபடி. பிறகு பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொள்ள ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் சம்பந்தப்பட்ட அலுவலர் ஓய்வு பெற்றிருப்பார். தணிக்கைத் தடைக்குப் பதில் எழுதுவதையே ஒரு கலையாக வளர்த்த துறைகள் இருக்கின்றன. இவ்வளவும் மெய். மக்களவையில் 1967 முதல் இந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சியினரே தலைவராக இருந்துவரும் மரபுகூட வேகத்தைக் கூட்டிவிடவில்லை.

ஆனால் பல் என்றால் தண்டனை என்று மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? உணவு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய உணவுக் கழகத்துக்குத் தரவேண்டிய மானியத்தை மத்திய அரசு பல ஆண்டுகள் முழுதாகத் தரவில்லை. கழகத்தைத் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கச் சொன்னது. கடன் கழகத்தின் பெயரில், ஆகவே நிதிப் பற்றாக்குறையில் வராது. பட்ஜெட்டுக்கு வெளியே நடக்கும் இந்தக் கடனைச் சி.ஏ.ஜி. அறிக்கை சுட்டிக்காட்டியது, அந்த அறிக்கை 2019 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அரசு அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோது, 2020-21க்கு முதலில் 1,15,570 கோடியாக இருந்த உணவு மானியம் திருத்த மதிப்பீட்டில் 4,22,618 கோடியானது. பெருந்தொற்றுக் கால இலவச அரிசியும் அதில் ஒரு பங்கு. தணிக்கை சொன்னதால்தான் மாற்றினார்கள் என்றும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மறைவில் இருப்பது என்ன, அதன் அளவு என்ன, அது எந்த வழியாக மறைந்தது என்பதைக் கணக்கர்கள் முன்பே தாளில் எழுதி வைத்திருந்தார்கள். எழுதி வைக்காத ஒன்றைப் பற்றிப் பேரவையில் கேட்கவும் முடியாது, பத்திரிகையில் எழுதவும் முடியாது. தணிக்கையின் பல் மெதுவாகத்தான் கடிக்கும். அதற்காக இல்லை என்றாகிவிடாது.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குற்றச்சாட்டு வரும்: தணிக்கையாளர்கள் வரம்பு மீறுகிறார்கள், எண்களை ஊதிப் பெருக்குகிறார்கள். தமிழ்நாட்டில் இதைச் சொல்லும்போது 2ஜி என்ற சொல் தானாக வந்துவிடும். 2010 நவம்பரில் வெளியான அந்த சி.ஏ.ஜி. அறிக்கை அலைக்கற்றை ஒதுக்கீட்டால் ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பைப் பல வழிகளில் மதிப்பிட்டது. குறைந்தது 57,666 கோடி, கூடியது 1,76,645 கோடி. நாட்டின் நினைவில் தங்கியது கடைசி எண் மட்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று நினைப்பவர்கள் பலர். ஒதுக்கீட்டு முறை சரியா என்பது ஒரு கேள்வி, குற்றம் நிரூபணமானதா என்பது வேறு கேள்வி, அனுமான இழப்பு எவ்வளவு என்பது மூன்றாவது கேள்வி. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஓர் எண்ணை வைத்துப் பத்தாண்டு சண்டை போட்டோம். அனுமானம் எது, கையிலிருந்து போன பணம் எது என்று அறிக்கை எழுதுகிறவரும் படிக்கிறவரும் தெளிவாக இருந்திருந்தால் அந்தச் சண்டையில் பாதி குறைந்திருக்கும். ஆகவே இந்தக் குற்றச்சாட்டு கணக்கியலுக்கு எதிரான வாதமாக எனக்குப் படவில்லை. கவனமான கணக்கர் வேண்டும் என்பதற்கான வாதம் அது.

எண்களை வாசிக்கும் பயிற்சி எங்கெல்லாம் தேவை என்பதற்கு இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய்க் கடன் என்ற எண் தேநீர்க் கடை வரை போனது. அந்த எண்ணை வைத்து ஒரு தரப்பு அழுதது, மறு தரப்பு கடன் வாங்காத அரசு உண்டா என்றது. கடனைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் பயம் வரும், தெளிவு வராது. வருவாயில் எத்தனை பங்கு வட்டிக்குப் போகிறது, வாங்கிய கடன் 2இல் தொடங்கும் தலைப்பில் கரைந்ததா 4இல் தொடங்கும் தலைப்பில் நின்றதா, மின்வாரியத்துக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் அரசு நின்ற உத்தரவாதம் எவ்வளவு என்று கேட்டால்தான் பேச்சு நகரும். அரசுக் கணக்கில் இந்த விடைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடத் தெரிந்தவர்கள்தாம் எண்ணிக்கையில் குறைவு.

அந்தக் கணக்கிலேயே இல்லாத விடைகளும் உண்டு. அங்கேதான் அடுத்த தலைமுறைக்கு உண்மையான வேலை காத்திருக்கிறது. நம் மத்திய மாநில அரசுகள் இன்னமும் ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதுகின்றன. பணம் கைமாறினால் பதிவு, மாறாவிட்டால் இல்லை. மார்ச் 31 அன்று ஒப்பந்தக்காரருக்குக் கோடிக்கணக்கில் பாக்கி நின்றாலும் அந்த ஆண்டுச் செலவில் அது இல்லை. இன்று பணியில் இருப்பவருக்கு முப்பது ஆண்டு கழித்துத் தரவேண்டிய ஓய்வூதியமும் பொறுப்பாக எங்கும் நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனதிலிருந்து இந்த விவகாரம் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதியாக வருகிறது. எந்த வாக்குறுதிக்கு என்ன விலை என்று கணக்கிடும் முறையான ஏடு இல்லாமலேயே இரு தரப்பும் வாதிடுகிறோம். நிலுவைக் கணக்கு முறைக்கு மாற வேண்டும் என்று பன்னிரண்டாம் நிதி ஆணையம் பரிந்துரைத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அரசுக் கணக்கியல் தர ஆலோசனை வாரியம் 2002 முதல் இருக்கிறது. நகர்வு ஆமை வேகம். வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் நகராட்சிகள் 2000ஆம் ஆண்டை ஒட்டியே நிலுவை முறைக்கு மாறிவிட்டன, நாட்டுக்கே முன்னோடியாக. கல்லூரியில் நீங்கள் கற்ற இரட்டைப் பதிவும் தேய்மானமும் அங்கே நேராகப் பயன்படும். கம்பெனிக் கணக்கையும் கருவூலக் கணக்கையும் ஒருசேரத் தெரிந்த ஆட்கள் இந்த மாற்றத்துக்கு வேண்டும். பொறியியல் பட்டதாரி தேர்வில் உங்களை முந்தலாம். இதில் முந்த முடியாது.

தேர்வு என்றதும் அடுத்த மறுப்பு வந்துவிடும்: லட்சக்கணக்கானோர் எழுதும் போட்டியில் எங்களுக்கு எங்கே இடம்? வாய்ப்பு குறைவு என்பதை மறைத்து உங்களைத் தூண்டிவிட எனக்கு விருப்பமில்லை. வழிகள் இவை. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் மூலம் இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணி, இந்தியக் குடிமைக் கணக்குப் பணி, பாதுகாப்புக் கணக்குப் பணி போன்றவை. எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் உதவித் தணிக்கை அலுவலர், உதவிக் கணக்கு அலுவலர், ஆடிட்டர், அக்கவுன்டன்ட். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கருவூலக் கணக்குத் துறை, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, கூட்டுறவுத் தணிக்கைத் துறை, அறநிலையங்களுக்கான தணிக்கைப் பிரிவு. இவற்றில் பலவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். உள்ளே நுழைய ஆங்கிலம், கணிதத் திறன், பொது அறிவு கேட்கிறார்கள். கணக்கியலைக் கேட்பது குறைவு. இது வணிகவியல் மாணவருக்கு இழைக்கப்படும் அநியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் நுழைந்தபின் கதை மாறுகிறது. உதவித் தணிக்கை அலுவலராகச் சேர்ந்தவர் எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வில் தேறினால்தான் நிலைக்க முடியும். மாநில அரசில் சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வு முதலிய துறைத் தேர்வுகள் பதவி உயர்வின் வாசலில் நிற்கின்றன. வாசலில் பின்தங்கியவர் உள்ளே முந்துவதற்கான இடம் அது.

வாசலே திறக்காவிட்டால்? அப்போதும் படித்தது வீணில்லை. அரசு நிறுவனங்களுக்குத் தணிக்கையாளரை நியமிக்கும் அதிகாரம் 2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின்படி சி.ஏ.ஜி.யிடம் இருக்கிறது, நியமிக்கப்படுபவர்கள் தனியார் பட்டயக் கணக்கர்கள். உள்ளாட்சிகளின் கணக்குகளுக்கு ஆள் வேண்டும். பட்ஜெட்டை அலசும் ஆய்வு அமைப்புகளுக்கு வேண்டும். பத்திரிகைகளுக்கு, குறிப்பாகத் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு, மிகவும் வேண்டும். ராஜா செல்லையா என்ற தமிழ்ப் பொருளியலாளர் தில்லியில் தேசியப் பொதுநிதி, கொள்கை நிறுவனத்தை உருவாக்கினார், 1991இல் வரிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார், சென்னைப் பொருளியல் கல்லூரியையும் நிறுவினார். நாட்டின் வரி அமைப்பைத் திருத்தி எழுத அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி எஸ்.எஸ்.சி. வழியாக வரும் ஆடிட்டரின் தொடக்க அடிப்படை ஊதியம் 29,200 ரூபாய், உதவித் தணிக்கை அலுவலருக்கு 47,600, யு.பி.எஸ்.சி. வழியாக வருகிறவருக்கு 56,100. படிகள் தனி. நல்ல சி.ஏ. ஒருவர் சில ஆண்டுகளில் இதை எளிதாகத் தாண்டிவிடுவார். பணம்தான் முதல் அளவுகோல் என்றால் அந்தப் பக்கமே போங்கள், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இருபத்தைந்து வயதில் ஒரு மாவட்டத்தின் மருத்துவமனைகள் மருந்து வாங்கிய விதத்தையோ, ஓர் அணையின் ஒப்பந்தத்தையோ முழுக் கோப்போடு மேசைக்கு வரவழைத்துப் படிக்கும் அதிகாரம் எந்தத் தனியார் நிறுவனத்திலும் கிடைக்காது. இந்திய சி.ஏ.ஜி. 2014 முதல் 2020 வரை ஐக்கிய நாடுகள் சபையின் தணிக்கை வாரியத்தில் இருந்தபோது, அந்தப் பொறுப்பைச் சுமந்து நாடு நாடாகப் போய்த் தணிக்கை செய்தவர்கள் இந்தத் துறை அலுவலர்கள். எல்லோருக்கும் அது கிடைக்காது. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் உள்ள ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) ஆபீஸில் உட்கார்ந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பென்ஷனைச் சரியாகக் கணக்கிட்டு அனுப்புவதுதான் பலருக்கு அன்றாட வேலையாக இருக்கும். அது சின்ன வேலை என்று அந்த ஆசிரியையிடம் சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, நேர்மையாக இருந்தால் மாற்றல் வரும், ஒதுக்கி வைப்பார்கள், நாம் மட்டும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். இது கற்பனைப் பயமல்ல. இதற்கு வீர உரை நிகழ்த்தி விடை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லி மறுக்கும் அலுவலரை நகர்த்துவது சுலபம். 'தமிழ்நாடு நிதி விதித் தொகுப்பின் இந்த விதி, நிதி ஒதுக்கக் கணக்கில் இந்தப் பற்றுமீறல், இதை 205ஆம் பிரிவின்கீழ் பேரவைதான் முறைப்படுத்த முடியும்' என்று கோப்பில் எழுதி வைத்தவரை நகர்த்தலாம். அவர் எழுதியதை நகர்த்த முடியாது. அடுத்து வருகிறவர் அதற்குக் கீழே கையெழுத்துப் போடத் தயங்குவார். மேலே கேட்பவருக்கும் அந்தத் தயக்கம் புரியும். அரசு அலுவலகத்தில் தனிமனித நேர்மைக்கு இருக்கும் ஒரே கவசம் விதியறிவு. அது படித்தால் வரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தேர்வு அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் நிதிக் கணக்குகள், நிதி ஒதுக்கக் கணக்குகள் இரண்டும் ஆண்டுதோறும் சி.ஏ.ஜி.யின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வாரம் அவற்றைத் தரவிறக்குங்கள். முழுவதும் புரியாது, பரவாயில்லை. மானியக் கோரிக்கை எண் 43, பள்ளிக் கல்வித் துறை. அந்தப் பக்கத்தைத் திறந்து, பேரவை எவ்வளவு அனுமதித்தது, எவ்வளவு செலவானது, எவ்வளவு மார்ச் 31 அன்று திரும்ப ஒப்படைக்கப்பட்டது என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மிச்சம் விழுந்ததற்குத் துறை சொன்ன காரணம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சில இடங்களில், காரணம் தெரிவிக்கப்படவில்லை என்று மட்டும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.